நெடுக்கும் குறுக்கும்: இரும்புலியூர் – தாம்பரம் பகுதியின் சாலை, இருப்புப்பாதைத் திட்டங்களும் நிதி வழிகளும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னையின் தென்புறநகர்ப் பகுதியான தாம்பரத்தை ஒட்டியுள்ள இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையும் சென்னை – செங்கல்பட்டு இருப்புப்பாதையும் ஒன்றையொன்று கடக்கின்றன. 1871 முதல் 2023 வரை இப்பகுதியின் சாலை, இருப்புப்பாதை மேம்பாட்டுப் பணிகளை யார் திட்டமிட்டனர், எந்தக் கணக்கிலிருந்து பணம் வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வடக்கு – தெற்காக ஓடும் நெடுக்குப் போக்குவரத்துக்கு ஒவ்வொரு காலகட்டத்திலும் தனி நிதி வாய்த்தது. கிழக்கு – மேற்காகக் கடக்கும் குறுக்குப் போக்குவரத்துக்கு அத்தகைய நிதி வாய்க்கவில்லை. இவ்வேறுபாடு சட்டங்களும் கணக்குத் தலைப்புகளும் அமைந்த முறையிலிருந்தே தோன்றியது என்பது கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: இரும்புலியூர், தாம்பரம், ஜி.எஸ்.டி. சாலை, மத்திய சாலை நிதி, இருப்புப்பாதைக் கடவு, உள்ளாட்சி நிதி, ஆண்டுத்தொகை முறை

முன்னுரை

தாம்பரம் ரயில் நிலையத்தருகே ஜி.எஸ்.டி. சாலை இருப்புப்பாதைக்கு மேற்கே அமைந்துள்ளது. வண்டலூரை அடையும்போது அதே சாலை இருப்புப்பாதைக்குக் கிழக்கே வந்துவிடுகிறது. இடையில் இரண்டும் ஒன்றையொன்று கடக்கும் இடம் இரும்புலியூர். மதுரவாயல் வழியாகப் புழல் நோக்கிச் செல்லும் சென்னைப் புறவழிச்சாலையும் இதனருகிலேயே பிரிகிறது. தென்மாவட்டங்களிலிருந்து சாலை வழியாகச் சென்னைக்கு வருவோரில் பெரும்பாலோர் இவ்வூரின் பெயரைப் போக்குவரத்து நெரிசலோடு இணைத்தே அறிந்திருப்பர்.

நெரிசலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சாலையின் அகலத்தைப் பற்றியதாகவே இருந்துவருகிறது. அகலப்படுத்தப் பணம் தருவது யார், அப்பணம் எதற்குச் செலவிடப்படலாம், எதற்குச் செலவிடப்படலாகாது என்ற வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. சென்னைக்கும் தெற்கிற்கும் இடையே செல்லும் போக்குவரத்தை இக்கட்டுரை ‘நெடுக்குப் போக்குவரத்து’ என்றும், இருப்புப்பாதையையும் பெருஞ்சாலையையும் கடந்து கிழக்குத் தாம்பரத்திற்கும் மேற்குத் தாம்பரத்திற்கும் இடையே நிகழும் அன்றாட நடமாட்டத்தைக் ‘குறுக்குப் போக்குவரத்து’ என்றும் குறிக்கிறது. முன்னதில் பயணம் செய்வோர் பலர் ஊரைக் கடந்துசெல்பவர்கள். பின்னதில் பயணம் செய்வோர் பெரும்பாலும் அவ்வூரில் வாழ்பவர்கள்.

நிலவரி, சுங்கம், பெட்ரோல் வரி

சென்னை மாகாணத்தில் ஊர்ப்புறச் சாலைகளுக்கான ஒழுங்கான நிதி 1871ஆம் ஆண்டின் 4ஆம் சட்டமான உள்ளாட்சி நிதிச் சட்டத்தோடு தொடங்குகிறது எனலாம். நிலத்தின் மீது, ரூபாய்க்கு ஓரணாவை மிகாத மேல்வரி விதித்து, சாலை உள்ளிட்ட பணிகளுக்குச் செலவிட அச்சட்டம் வழிசெய்தது. 1884ஆம் ஆண்டின் உள்ளாட்சிக் கழகங்கள் சட்டம் மாவட்டம், வட்டம் ஆகிய நிலைகளில் கழகங்களை அமைத்து இப்பொறுப்பை அவற்றிடம் அளித்தது. அக்காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்களாக இருந்த இரும்புலியூரும் தாம்பரமும் இவ்வமைப்பிற்குள் அடங்கின. நிலமேல்வரியோடு சாலைச் சுங்கமும் கழகங்களின் வருவாயாக இருந்தது. வண்டி செல்லும் இடத்திலேயே பணம் வசூலாகி, அதே வட்டாரத்தின் சாலைக்குச் செலவாயிற்று. வசூல் முறையில் குறைகள் இருந்தாலும், பயன்பாட்டிற்கும் வருவாய்க்கும் இடையிலிருந்த தொடர்பு கண்ணுக்குப் புலப்படும்படி இருந்தது.

மோட்டார் ஊர்திகள் பெருகியதும் இத்தொடர்பு அறுந்தது. எம். ஆர். ஜெயகர் தலைமையில் 1927இல் அமைக்கப்பட்ட சாலை வளர்ச்சிக் குழு, சாலை மேம்பாடு மாகாணங்களின் நிதியாற்றலையும் உள்ளாட்சிகளின் நிதியாற்றலையும் மிஞ்சி வளர்ந்துவிட்டது என்ற முடிவிற்கு வந்தது. அதன் பரிந்துரைப்படி 1929 மார்ச்சில் பெட்ரோல் மீதான தீர்வை காலனுக்கு நான்கு அணாவிலிருந்து ஆறு அணாவாக உயர்த்தப்பட்டு, கூடுதல் இரண்டணா மத்திய சாலை நிதிக்கு ஒதுக்கப்பட்டது. மாகாணங்களின் பெட்ரோல் நுகர்வைப் பொறுத்து அந்நிதி பகிரப்பட்டது. இரண்டாண்டுகளுக்குப்பின், 1931ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் சுங்கங்களை ஒழித்து, ஊர்திவரியை மாகாண அரசின் கையில் வைத்தது. சுங்க வருவாயை இழந்த உள்ளாட்சிகளுக்கு ஈட்டுத்தொகை வழங்கப்பட்டது.

இம்மாற்றம் அக்காலத்தில் ஒரு சீர்திருத்தமாகவே கருதப்பட்டது. பல வகைகளில் அது சீர்திருத்தமே. எல்லைக்கு எல்லை வண்டியை நிறுத்திப் பணம் பறித்த முறையை எவரும் விரும்பியிருக்க இயலாது. ஆயினும் விளைவு ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரிவீதத்தை முடிவுசெய்யும் உரிமையும், ஊர்திகள் பெருகப் பெருக வளரும் வருவாயும் மேல்நிலை அரசுகளுக்குச் சென்றன. சாலையோர ஊருக்குக் கிடைத்தது மானியம்.

அடுத்த நிலைகள் இதன் தொடர்ச்சியே. 1946இல் சென்னை மாகாண நெடுஞ்சாலைத் துறை அமைந்தது. 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், தேசிய நெடுஞ்சாலைகளை ஒன்றிய அரசின் உடைமையாக்கி, அவற்றை வளர்க்கும் பொறுப்பையும் அதனிடமே வைத்தது. தேசிய நெடுஞ்சாலை எண் 45 என்று அறியப்பட்ட ஜி.எஸ்.டி. சாலை இவ்வாறு தான் கடந்துசெல்லும் ஊர்களின் நிதி வட்டத்திலிருந்து முற்றிலும் வெளியேறியது. 1950களின் இறுதியில் மாவட்டக் கழகங்களும் மறைந்தன.

மின்தொடர்வண்டியும் நிலமதிப்பும்

தென்னிந்திய ரயில்வே சென்னைக் கடற்கரை – தாம்பரம் தடத்தை மின்மயமாக்கி 1931இல் சேவையைத் தொடங்கியது. மீட்டர்கேஜ் பாதையில் ஓடிய அப்புறநகர் வண்டிகள் 2004 ஜூலை வரை நீடித்தன. மின்தொடர்வண்டிக்கு முன்னரே 1928இல் காசநோய் மருத்துவமனை இப்பகுதியில் தோன்றியிருந்தது; 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து சேலையூர்க் காட்டுப்பகுதிக்குப் பெயர்ந்தது. இரு நிறுவனங்களும் நகரத்திலிருந்து விலகியிருப்பதை விரும்பியே வந்தவை. மின்தொடர்வண்டியோ அவ்விலக்கத்தை ஒரு மணி நேரத்திற்குட்பட்ட பயணமாகச் சுருக்கி, தாம்பரத்தை நகரோடு பிணைத்தது.

இதே காலத்தில் நகரின் வேறொரு பகுதியில் நடந்ததோடு இதை ஒப்பிடுவது பயன்தரும். 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டம், திட்டத்தால் மதிப்பு உயரும் நிலங்களின் உடைமையாளர்களிடமிருந்து அவ்வுயர்வில் ஒரு பகுதியை மேம்பாட்டுக் கட்டணமாகப் பெற வகைசெய்தது. 1920களில் மாம்பலத்தில் ஏரிநிலத்தைச் சீர்படுத்தித் தியாகராய நகர் உருவாக்கப்பட்டபோது, தெருக்களும் பூங்காவும் முன்கூட்டியே வரையப்பட்டு மனைகள் பிரிக்கப்பட்டன. போக்குவரத்து வசதியும் தெருவமைப்பும் நிலமதிப்பும் அங்கு ஒரே திட்டத்திற்குள் சிந்திக்கப்பட்டன. தாம்பரத்திற்கு மின்வண்டி வந்தது. அதோடு இணைந்த தெருத்திட்டம் வரவில்லை. நிலமதிப்பின் உயர்வு மனை விற்றவர்களிடம் தங்கியது. பின்னாளில் அதே இடங்களில் தெருவை அகலப்படுத்த நிலம் எடுக்க வேண்டியபோது, உயர்ந்துவிட்ட அம்மதிப்பிலேயே பொதுப்பணம் செலவிடப்பட்டது.

ரயில்வேயின் கணக்கு முறையும் இதில் பங்காற்றியது. அக்வொர்த் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1924–25 முதல் ரயில்வே வரவு செலவு பொது வரவு செலவிலிருந்து பிரிக்கப்பட்டது. 2017இல்தான் இரண்டும் மீண்டும் இணைந்தன. ஏறத்தாழ 90 ஆண்டுகள் இருப்புப்பாதைக்கு ஒரு பேரேடும் சாலைக்கு வேறொரு பேரேடும் இருந்தன. இரண்டும் சந்திக்கும் இடம் எந்தப் பேரேட்டில் சேரும் என்பதே அடுத்த சிக்கல்.

பத்தாண்டு வரம்பு

குறுக்குப் போக்குவரத்தின் வரலாற்றில் ஆய்வாளர்களின் கவனத்தைப் போதிய அளவு பெறாத ஓர் ஆவணம் 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டம். இருப்புப்பாதையால் துண்டிக்கப்படும் நிலங்களின் உடைமையாளர்களுக்காகக் கடவுகள், பாலங்கள், வடிகால்கள் முதலியவற்றை ரயில்வே நிர்வாகம் தன் செலவில் அமைத்துத்தர வேண்டும் என அதன் 11ஆம் பிரிவு கூறியது. ஆனால், பாதை பொதுமக்களின் பயன்பாட்டிற்குத் திறக்கப்பட்டுப் பத்தாண்டுகள் கடந்தபின் கூடுதல் பணிகளைச் செய்யுமாறு நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த இயலாது என்ற வரம்பும் அதிலேயே இருந்தது. அதன்பின் கூடுதல் கடவு வேண்டுவோர், உள்ளாட்சியே ஆயினும், தம் செலவிலேயே பெறவேண்டும் என அடுத்த பிரிவு வகுத்தது.

தாம்பரம் வழியான இருப்புப்பாதை 1870களில் போடப்பட்டது. ஆகவே சட்டம் நடைமுறைக்கு வந்தபோதே இவ்வட்டாரத்திற்குப் பத்தாண்டு வரம்பு கடந்திருந்தது. அன்று பாதையின் இருபுறமும் வயலும் ஏரியும் காடும் இருந்தன. கால்நடையும் மாட்டுவண்டியும் கடக்க ஒன்றிரண்டு வழிகள் போதுமாயிருந்தன. ஊர் வளர்ந்தது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து. வேளாண் நிலத்தின் தேவையைக் கணக்கிட்டு எழுதப்பட்ட விதி, புறநகரின் மீது பொருந்தியபோது, வளர்ச்சியால் தோன்றிய ஒவ்வொரு கடக்கும் தேவையும் கேட்பவரின் செலவாக மாறியது. விதியை எழுதியவர்கள் புறநகரை நினைத்துப்பார்த்திருக்க வழியில்லை, அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. எனினும் 1989ஆம் ஆண்டின் புதிய ரயில்வே சட்டமும் 16, 17ஆம் பிரிவுகளில் அதே வரம்பைத் தக்கவைத்துக்கொண்டது. அப்போது புறநகர் கண்முன் இருந்தது.

நடைமுறையில் இக்கடுமை செலவுப் பகிர்வு விதியால் ஓரளவு தணிந்தது. ஒரு கடவில் நாளொன்றுக்குச் செல்லும் தொடர்வண்டிகளின் எண்ணிக்கையைச் சாலை ஊர்திகளின் அலகால் பெருக்கி வரும் எண் ஒரு இலட்சத்தைத் தாண்டினால், மேம்பாலமோ கீழ்ப்பாலமோ கட்டும் செலவை ரயில்வேயும் மாநில அரசும் சமமாகப் பகிரும். நாளொன்றுக்கு 200 வண்டிகள் ஓடும் புறநகர்த் தடத்தில் 500 ஊர்தி அலகுகள் கடந்தாலே அந்த எண் வந்துவிடும். எனவே தகுதி பெறுவது இப்பகுதியில் கடினமன்று. இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. தண்டவாளத்திற்கு மேலுள்ள பகுதியை ரயில்வே கட்ட, இருபுறமும் இறங்கும் அணுகுசாலைகளை மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டவேண்டும். அதற்கான நிலமும் அதன் பொறுப்பே. அடர்ந்த குடியிருப்பில் அந்நிலமே பெருஞ்செலவு. வழக்குகளும் உடன் வரும். ஒருபுறம் முடிந்து மறுபுறம் காத்திருக்கும் பாலங்கள் இவ்வாறே உருவாகின்றன. குரோம்பேட்டை இராதா நகர்க் கடவிற்கு மாற்றான சுரங்கப்பாதை பத்தாண்டுகளுக்கு மேல் நீண்டதும், பெருங்களத்தூர் மேம்பாலம் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டதும் இவ்வட்டார மக்கள் நன்கறிந்த செய்திகள்.

2000ஆம் ஆண்டின் மத்திய சாலை நிதிச் சட்டத்தின் பகிர்வு விகிதமும் இங்கு நோக்கத்தக்கது. டீசல் மேல்வரியில் பாதி ஊரகச் சாலைகளுக்குச் சென்றது. எஞ்சிய பாதியும் பெட்ரோல் மேல்வரி முழுவதும் சேர்ந்த தொகையில் 57.5 விழுக்காடு தேசிய நெடுஞ்சாலைகளுக்கும், 30 விழுக்காடு மாநிலச் சாலைகளுக்கும், 12.5 விழுக்காடு இருப்புப்பாதை மேம்பாலங்கள், கீழ்ப்பாலங்கள், ஆளில்லாக் கடவுகளின் பாதுகாப்புப் பணிகள் ஆகியவற்றிற்கும் ஒதுக்கப்பட்டன. குறுக்குத் தேவைக்கென ஒரு பங்கு வகுக்கப்பட்டது புதிய முன்னேற்றமே. ஆயினும் நகராட்சித் தெருக்களுக்கென எப்பங்கும் இல்லை. தாம்பரத்தில் எரிபொருள் நிரப்பும் ஊர்தி பெரும்பாலும் ஓடுவது அத்தெருக்களில்தான்.

நகராட்சியின் எல்லை, நிதியின் எல்லை

1964இல் புலிக்கொரடு, கடப்பேரி, தாம்பரம், இரும்புலியூர், சேலையூர் ஆகிய ஐந்து ஊராட்சிகளை இணைத்துத் தாம்பரம் நகராட்சி உருவாக்கப்பட்டது. இருப்புப்பாதை புதிய நகராட்சியின் ஊடே ஓடியது. நகராட்சிக்கு உரிய முதன்மை வருவாய் சொத்துவரி. அதன் அதிகாரம் உட்தெருக்கள், வடிகால், தெருவிளக்கு ஆகியவற்றளவில் நின்றது. தன் எல்லைக்குள் மிகுதியான நெரிசலும் விபத்தும் நிகழும் இரு தடங்களில் ஒன்றன் மீதும் அதற்கு உரிமையில்லை.

பெருநகர அளவிலான திட்டமிடல் இக்குறையை ஈடுசெய்யும் என எதிர்பார்க்கப்பட்டது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1974இல் செய்த திருத்தத்தால் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் சட்டவழி அமைப்பாயிற்று. 1977இல் உலக வங்கியின் கடனுதவியுடன் சென்னை நகர வளர்ச்சித் திட்டமும், 1980இல் அதன் இரண்டாம் கட்டமும் தொடங்கின. உலக வங்கி ஆதரவில் 1988இல் தோன்றிய நகராட்சி நகர்ப்புற வளர்ச்சி நிதியம் 1996இல் தனியார் நிதி நிறுவனங்களின் பங்கேற்புடன் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமாக மாறி, உள்ளாட்சிகளுக்குக் கடன் வழங்கியது. திருப்பிச் செலுத்தும் ஆற்றலே கடனுக்கு அடிப்படை. மதுரை மாநகராட்சி இவ்வழியில் கடன்பெற்று உள்வட்டச் சாலை அமைத்து, சுங்கம் வசூலித்து, 2001இல் 30 கோடி ரூபாய்க்குக் கடன்பத்திரமும் வெளியிட்டது. சாலை மாநகராட்சியின் உடைமையாக இருந்ததே இதற்குக் காரணம். தாம்பரம் நகராட்சிக்குச் சுங்கம் விதிக்கத்தக்க சாலை ஏதும் இல்லை. இருப்புப்பாதையைக் கடக்கும் பாதசாரியிடம் கட்டணம் கேட்கவும் இயலாது.

பெருநகரக் குழுமத்தின் திட்டங்களுள் நிதி நோக்கில் துணிவானது வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை. ஏறத்தாழ 62 கி.மீ. நீளமுள்ள அதற்கு 122 மீட்டர் அகலத்திற்கு நிலம் எடுக்கப்பட்டது. அதில் 72 மீட்டர் சாலைக்கும் எதிர்கால இருப்புப்பாதைக்கும், 50 மீட்டர் ஓரவளர்ச்சிக்கும் ஒதுக்கப்பட்டன. சாலை உயர்த்தும் நிலமதிப்பைப் பொதுநிறுவனமே ஈட்டும் கருத்து, 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் மேம்பாட்டுக் கட்டணத்தை நினைவூட்டுகிறது. அக்கருத்தும் நெடுக்குத் தடத்திற்கே பயன்பட்டது.

28ஆம் கிலோமீட்டர்

தேசிய நெடுஞ்சாலை வளர்ச்சித் திட்டத்தின்கீழ்த் தாம்பரம் – திண்டிவனம் பகுதி நான்குவழிச் சாலையாக்கப்பட்டது. தேசிய நெடுஞ்சாலை எண் 45இன் 28ஆம் கிலோமீட்டரில் தொடங்கி 121ஆம் கிலோமீட்டரில் முடியும் 93 கி.மீ. பணி அது. 2001இல் ஜி.எம்.ஆர். குழும நிறுவனத்திற்கு 17½ ஆண்டு ஒப்பந்தத்தில், ஆண்டுத்தொகை முறையில் வழங்கப்பட்டது. இம்முறையில் நிறுவனம் கடன்பெற்றுச் சாலையைக் கட்டிப் பராமரிக்கும். தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை நிலையான தொகையைச் செலுத்தும். ஊர்திகள் குறைந்தாலும் மிகுந்தாலும் நிறுவனத்தின் வருவாய் மாறாது. பரனூரிலும் ஆத்தூரிலும் வசூலாகும் சுங்கம் ஆணையத்தைச் சேரும்.

தனியார் மூலதனத்தை ஈர்க்க இம்முறை பெரிதும் உதவியது. சாலையும் உரிய தரத்தில் அமைந்தது. ஆனால் ஒப்பந்தம் என்பது கிலோமீட்டர் கல்லில் தொடங்கிக் கிலோமீட்டர் கல்லில் முடிவது. அகன்ற சாலையில் விரைந்து வரும் ஊர்தித்திரள் நகர எல்லையில், வேறு பொறுப்பிலும் வேறு அகலத்திலும் உள்ள சாலைக்குள் புகவேண்டியிருந்தது. தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் 32 கி.மீ. சென்னைப் புறவழிச்சாலையும் அதே முகப்பில் வந்துசேர்ந்தது. இருப்புப்பாதைக்கு மேலான பாலம் இடையில் நின்றது. முதலீட்டின் எல்லைக்கோடே இங்கு நெரிசலின் இடமாயிற்று. பின்னர் எட்டுவழியாக அகலப்படுத்தும் பணியும் இரும்புலியூர் – வண்டலூர், வண்டலூர் – கூடுவாஞ்சேரி, கூடுவாஞ்சேரிக்குத் தெற்கே எனத் துண்டு துண்டாகவே நடந்தது. இவற்றுள் 2 கி.மீ.க்குச் சற்று மிகுந்த முதல் துண்டே நகர வாயிலாக இருந்தது.

சாலை அகலும்தோறும் குறுக்கே கடப்பது கடினமாயிற்று என்பதையும் இங்குக் குறிக்கவேண்டும். நடுத்தடுப்பு எழுந்ததும், எதிர்ச்சாரியிலுள்ள பேருந்து நிறுத்தத்தை அடைய நடப்போர் சுரங்கப்பாதையையோ நடைமேம்பாலத்தையோ தேடிச் சுற்றவேண்டியதாயிற்று. நெடுஞ்சாலைக் கணக்கில் இவை ‘பாதசாரி வசதிகள்’ என்ற துணைத்தலைப்பில் வருபவை.

ஒருங்கிணைப்பு முயற்சிகள்

2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை பெருநகரங்களுக்கு ஒருங்கிணைந்த போக்குவரத்து அமைப்பைப் பரிந்துரைத்தது. அதற்கிணங்க 2010இல் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமச் சட்டம் இயற்றப்பட்டது. குழுமத்தின் முதல் கூட்டம் 2022 நவம்பரில் நடந்தது. சட்டத்திற்கும் கூட்டத்திற்கும் இடையிலான 12 ஆண்டுகளில் வெளிவட்டச் சாலையின் இரு கட்டங்களும் திறக்கப்பட்டுவிட்டன. நெடுக்குத் தடங்கள் எந்த ஒருங்கிணைப்பிற்கும் காத்திருக்கத் தேவையில்லாதவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 70 வார்டுகளைக் கொண்ட தாம்பரம் மாநகராட்சி அமைந்தது. பெருங்களத்தூரும் பீர்க்கன்காரணையும் சேர்ந்ததால், இரும்புலியூர் எல்லையூர் என்ற நிலையிலிருந்து மாநகராட்சியின் உட்பகுதியாயிற்று. வரித்தளம் விரிந்தது; பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரையிலான குறுக்குத் தேவைகளை ஒரே மன்றத்தில் வரிசைப்படுத்தும் வாய்ப்பு முதன்முறையாகக் கிட்டியது. பெருஞ்சாலை, இருப்புப்பாதை ஆகியவற்றின் உடைமையில் மாற்றமில்லை.

2023 டிசம்பர் 30 அன்று, இரும்புலியூருக்குத் தெற்கே சில கி.மீ. தொலைவில், ஜி.எஸ்.டி. சாலையோரம் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 88 ஏக்கரில் கட்டிய கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கு மாற்றப்பட்டன. இருப்புப்பாதை சாலையின் மறுபுறத்தில் மிக அருகிலேயே ஓடுகிறது. ஆயினும் திறப்பு நாளில் அங்கு ரயில் நிலையமும் இல்லை, சாலையைக் கடந்து அதை அடையும் நடைமேம்பாலமும் இல்லை. பயணிகள் வண்டலூர் நிலையத்திற்கோ ஊரப்பாக்கம் நிலையத்திற்கோ வேறு ஊர்தியில் செல்லவேண்டியிருந்தது. நடைமேம்பாலம் இறங்கவேண்டிய இடத்தில் தனியார் நிலம் கையகப்படுத்தப்பட வேண்டியிருந்தது. புதிய நிலையத்தைக் கட்டுவதற்கான தொகையைத் தெற்கு ரயில்வேயிடம் செலுத்தும் பொறுப்பு, அதை வேண்டிய பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் மீதே விழுந்தது.